சமயமும் செங்கோலும்

சமயத்தை அரசு தாங்குதல் வேண்டுமா என்னும் வினா ஐரோப்பாவைப் பன்னெடுங்காலம் அலைத்தது. செருமானிய நாடுகளில் 1555-இல் எழுந்த ஆகசுபர்க்கு உடன்படிக்கை, ஆள்வோன் சார்ந்த கிறித்தவப் பிரிவே அவன் நாட்டார்க்கும் உரியதென வகுத்தது. 1618 முதல் 1648 வரை நிகழ்ந்த முப்பதாண்டுப் போரை அது தடுத்திலது. பிரான்சு தேசத்தார் 1905-இல் திருச்சபையையும் அரசையும் சட்டத்தாற் பிரித்தனர். இவ்வினா நமக்கும் புதிதன்று.

செங்கற்பட்டைச் சார்ந்த மாமல்லபுரத்தில், கணேச ரதத்திலும் இராமாநுச மண்டபத்திலும் பல்லவர் காலத்து வடமொழிச் சுலோகம் ஒன்று காணப்படுகின்றது. உருத்திரன் உறையாத நெஞ்சினரை அஃது ஆறுமுறை சபிக்கின்றது. இதனைப் பத்தியின் மிகுதி என்று மகிழ்வார் உளர், யாம் மகிழ்ந்திலேம். அம்மண்டபம் சிவபெருமானுக்கென்றே குடையப்பெற்றது. பிற்காலத்தில் அதன் சிற்பங்கள் உளியாற் சிதைக்கப்பட்டன. முகப்பிற் சங்கும் சக்கரமும் பொறிக்கப்பட்டன. கல்லில் நின்ற சாபம் கோயிலைக் காத்திலது.

அற்றேல், மன்னன் சைவனானமையாலன்றோ சைவம் தழைத்தது எனின், அன்று. திருநாவுக்கரசு நாயனாரைக் கல்லோடு பிணித்துக் கடலில் இடுவித்தவனும் பல்லவனே. பின்னர்ச் சைவனாகிப் பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளிகளை இடித்துத் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தவனும் அவனே எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். தண்டம் முன்பு நம்மவரை வருத்தியது. பின்பு பிறரை வருத்தியது. இரண்டிடத்தும் அதன் இயல்பு ஒன்றே. அம்மன்னன் மனத்தைத் திருப்பியது நாயனார் பொறையும் இறைவன் அருளுமேயன்றிப் படையன்று. நாயனார் கையில் இருந்தது உழவாரமே.

மலபரிபாகம் எய்திய உயிர்க்கே சத்திநிபாதம் நிகழும் என்பது நம் சித்தாந்தம். அப்பக்குவத்தை அறிந்து அருளுவான் இறைவன் ஒருவனே. சட்டமும் தண்டமும் அதனை விளைக்கமாட்டா.

ஆயினும், கோயிற்கு நிலமும் பொன்னும் உள. அவை உலகப் பொருளாதலின், அவற்றிற்குக் கணக்கும் காவலும் இன்றியமையாதன. கும்பினியார் 1817-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவற்றை மேற்பார்த்தனர்; 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசினர் விலகினர்; இன்று 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்து சமய அறநிலையத் துறை அதனை நடாத்துகின்றது. கோயிற்பொருள் களவு போகாது காத்தல் அரசின் கடன். அதனை வேண்டுதல் நம் உரிமை.

அக்கடனைக் கடந்து அரசு வழிபாட்டின் உட்பொருளிற் கைவைத்தல் தகாது. அங்ஙனமே, நம் சமயத்தை நாட்டுதற்கு அரசின் கையை நாம் இரத்தலும் தகாது. முன்னதைத் தடுத்தல் அரிது. பின்னதை ஒழித்தல் நம்பாலதேயாம். அரசன் இட்ட சாபத்தினும் அடியார் இடும் திருத்தொண்டே சைவத்திற்கு அரண் என்க.

திருச்சிற்றம்பலம்.