விதியா, நம் அசட்டையா?

விபத்து ஒன்று நடந்துவிட்டால் நம்மவர் வாயில் முதலில் வருவது "எல்லாம் விதி" என்ற சொல்லே. விதியை நம்புவது ஈமானைச் சேர்ந்தது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், உளுத்த ஏணியை மாற்றாமல் விட்டவன் அச்சொல்லைச் சொல்லலாமா? இதுவே நம் கேள்வி.

ஊரார் கதை வேண்டாம். நம் கதையையே சொல்லுகிறோம். ஈப்போவில் நமக்கு ஒரு மளிகைக் கடை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மேல்தட்டிலிருந்து எண்ணெய் டின்னை இறக்கும்படி பையனிடம் சொன்னோம். "முதலாளி, ஏணிப்படி ஆடுகிறது" என்றான். "இத்தனை நாள் தாங்கியது இன்று தாங்காதா? ஏறு" என்றோம். ஏறினான். படி முறிந்தது, அவன் மணிக்கட்டும் முறிந்தது. வைத்தியச் செலவைக் கொடுத்தோம், சம்பளத்தையும் பிடிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் "தங்கமான முதலாளி" என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்தான் நம்மைச் சுட்டது. கை முறிந்தபின் காட்டிய தயவில் கால் பங்கை முன்னரே காட்டியிருந்தால் ஒரு புது ஏணி வந்திருக்குமே!

கடையில் நாம் செய்த பிழை தோட்டங்களில் இன்னும் பெரிதாய் நடந்தது. பேராக்கின் கித்தாத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், களைக்கு மருந்தடித்த தாய்மாரை நாம் மறக்கலாகாது. பாராகுவாட் என்னும் அந்த நஞ்சு பட்டுத் தோல் வெந்தவர், நகம் கழன்றவர், மூக்கில் இரத்தம் வடிந்தவர் உண்டு. 2002-ல் அரசாங்கம் அதைத் தடுக்க முற்பட்டது, 2006-ல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முற்றாக நிறுத்தியது. "கையுறை கொடுத்தோம், அவர்கள் போடவில்லை" என்று சொல்லித் தப்புவோர் உண்டு. உச்சி வெயிலில் ரப்பர் உறையும் முகமூடியும் அணிந்து மூச்சுவிட முடியுமா என்று அவர்கள் ஒரு நாளாவது அணிந்து பார்த்ததுண்டா?

1991 மே 7-ல் சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்து 26 உயிர்கள் மாண்டன. 1994-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. கடைத் தொழிலும் தொடக்கமுதலே அதில் அடங்கும். நம்மில் பலர் அதை அறியோம். 2022-ல் திருத்தப்பெற்ற சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளி வரை உயர்ந்துள்ளது, சிறையும் உண்டு. ஐவரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். பாதுகாப்புச் சாமானின் விலையைத் தொழிலாளியின் தலையில் கட்டலாகாது. எல்லாவற்றிலும் மேலாக, ஆபத்து கண்ணெதிரே நிற்கிறது என்று சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், வேலையாள் விலகி நிற்கலாம். அதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது. அன்று நம் பையன் சொன்ன சொல்லை நாம் சோம்பல் என்று எண்ணினோம். அது அவன் உரிமை!

தொழிலாளருக்கும் ஒரு சொல். கொடுத்த காலணியையும் தலைக்கவசத்தையும் மூலையில் எறிவது வீரமன்று. தன்னையும் தன் அருகில் நிற்பவனையும் காப்பது அவருக்கும் சட்டம் விதித்த கடமை. ஆபத்தைக் கண்டு வாய் மூடியிருப்பதும் பொறுமை ஆகாது. நாளை அதே ஏணியில் ஏறப்போகிறவனுக்குச் செய்யும் துரோகம் அது.

நம்மிடம் வேலைக்கு வருபவனின் உடல் நமக்கு விலைக்கு வந்த சரக்கன்று. காலையில் ஒரு தாய் நம்மிடம் ஒப்படைத்த அமானத் அது; மாலையில் முழுதாய்த் திருப்பித் தர வேண்டும். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் இறைவன்மீது பொறுப்பைச் சாட்டுவது தவக்குல். செய்யாமல் சாட்டுவது வெறும் அசட்டை. "விதி" என்று சொல்லும் உரிமை, ஏணியைச் செப்பனிட்டவனுக்கே உண்டு.

சகோதரர்களே, நாளை கடை திறந்ததும் முதலில் உங்கள் ஏணியைப் பாருங்கள்.