கண்ணுக்குத் தெரியாத வேலை



நம் வீடுகள் சிலவற்றில் தாத்தா காலத்துச் சைக்கிள் ஒன்று இன்னும் திண்ணையோரம் சாய்ந்து நிற்கிறது. பாவையும் ஜரிகையையும் நெய்து முடித்த புடவையையும் கேரியரில் ஏற்றிக்கொண்டு, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பல்லாண்டு உழைத்த வண்டி அது. அந்த வண்டியைக் கொண்டு இன்று ஒரு நீதிக் கேள்வியைச் சிந்திப்போம்.

செயினால் பின்சக்கரம் சுழலும் இன்றைய அமைப்புள்ள சைக்கிளை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-ல் செய்து வெளியிட்டார். 1888-ல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். நம் மாநிலத்தில் முருகப்பா குடும்பத்தார் ஓர் ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கினர். அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகள் நம் ஊரெங்கும் ஓடின.

கையால் சைக்கிள் சட்டம் செய்வோர், எஃகுக் குழாய்களை ‘லக்’ என்னும் மூட்டுக்குள் செருகி, வெண்காரம் தடவி, சிவக்கக் காய்ச்சிப் பித்தளையை உருகவிடுவார்கள். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும்; எஃகு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே குழாய் உருகாமல் நிற்க, பித்தளை மட்டும் மயிரிழை இடைவெளிக்குள் ஓடிப் பரவிப் பற்றிக்கொள்ளும். சூடு குறைந்தால் அது உள்ளே போகாது. மிஞ்சினால் குழாய் வலுவிழக்கும். ஜப்பானில் கெய்ரின் பந்தயத்தில் ஆண்கள் ஓட்டும் சைக்கிள்களின் சட்டங்களை இன்றும் எஃகினால் கைவினைஞர்களே செய்கிறார்கள்.

வேலை முடிந்ததும் வர்ணம் பூசிவிடுவார்கள். பித்தளை உள்ளே பரவிற்றா, விளிம்போடு நின்றுவிட்டதா? அது செய்தவனுக்கும் சர்வேசுரனுக்கும் மட்டுமே தெரியும்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறோர் ஊரில், என் சைக்கிளின் முன்மூட்டு விரிசல் கண்டது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். கேட்ட கூலியில் பாதிக்குப் பேரம் பேசினேன். மாலைக்குள் வேண்டுமென்று அவசரமும் படுத்தினேன். வண்டி பளபளவென்று திரும்பி வந்தது. நான்கு மாதம் கழித்து, உபதேசியார் அதை ஓட்டிச் சென்றபோது மூட்டு பிரிந்து விழுந்தார். அவர் கை முறிந்தது. பார்த்தால், பித்தளை விளிம்பில் மட்டுமே ஒட்டியிருந்தது.

குற்றம் யாருடையது? “குறைந்த கூலிக்குக் குறைந்த வேலை, இதிலென்ன பாவம்?” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். மலிவான வேலையை மலிவென்று சொல்லிச் செய்வது குற்றமன்று. குறையை வர்ணத்தால் மூடி, முழு வேலையென்று ஒப்படைப்பதே அநீதி. அதன் பலனை அனுபவிப்பவர் பேரம் பேசியவராகக்கூட இராமல், யாரோ ஒருவராக இருக்கலாம். ஆகவே தொழிலாளி கூலி கொடுப்பவனுக்கு மட்டுமல்ல, தான் ஒருபோதும் காணாத மனிதனுக்கும் கடமைப்பட்டவன்.

ஆனால் என் மனச்சாட்சி என்னையும் விடவில்லை. கண்ணுக்குத் தெரியும் வர்ணத்துக்கு மட்டுமே போதுமான கூலியை நான் கொடுத்தேன். மருத்துவச் செலவை ஏற்றேன். அவர் பட்ட வேதனைக்கு எப்படி ஈடு செய்வது?

காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெவ்வேறு நாடாவில் ஓடும் உடலையும் கரையையும் ஒவ்வோர் ஊடையிலும் பிணைக்கும் கோர்வைக்கு, நெய்பவரோடு இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டும். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதே விலைக்கு வாங்குவேன் என்று நாம் பிடிவாதம் பிடித்தால், முதலில் குறைவது கண்ணுக்குத் தெரியாத அந்த உழைப்புத்தான்.

கையால் செய்ததெல்லாம் உத்தமம், இயந்திரம் செய்ததெல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. கைவேலையில் ஒரு மனிதனின் நாணயமே பரிசோதகராக நிற்கிறது என்றுதான் சொல்லுகிறேன். ஆகவே வேலை செய்வோர், இந்தக் கூலிக்கு இவ்வளவுதான் முடியும் என்று கூசாமல் சொல்லட்டும். வேலை கொடுப்போர், “நல்லபடி செய்ய எவ்வளவு ஆகும், எத்தனை நாளாகும்?” என்று முதலில் கேட்கட்டும். அன்று பட்டறையில் நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.