வாயாடி யார்?



போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பத்தாவோட பஸ்ல போறேன். முன் சீட்டுல ஒரு குட்டிப் பொண்ணு, ஏறினதுல இருந்து ஓயாம கேள்வி. "வாயாடி! வாயை மூடிட்டு வா"ன்னு அவங்க அம்மா அதட்டினாங்க. பிள்ளை முகம் சுருங்கிடுச்சு.

அப்பத்தா சொன்னாங்க: "பேசட்டும் விடு தாயி. நாங்க பாக்கப் போற ஆண்டாளே கையில கிளியைத்தான வச்சிருக்கா."

அந்த வார்த்தையையே யோசிச்சுட்டு வந்தேன். வாய் + ஆடு + இ = வாயாடி. கூத்து ஆடுறவர் கூத்தாடி மாதிரி. 'உரையாடல்'லயும் இதே 'ஆடு'தான் இருக்கு. ஆனா அங்கே ஆடுறது உரை, இங்கே வெறும் வாய். ஆக, எவ்வளவு பேசுறோம்ங்கிறது இல்ல, உள்ளே என்ன இருக்குங்கிறதுதான் விஷயம்.

வள்ளுவர் 'பயனில சொல்லாமை'ன்னு ஒரு அதிகாரமே வச்சிருக்கார். பயனில்லாத பேச்சைக் கொண்டாடுறவனை மனுஷங்கள்ல பதர்ங்கிறார். நெல்லும் பதரும் வெளியே பாக்க ஒண்ணுதான். தூற்றும்போதுதான் தெரியும்: நெல் கீழே விழும், பதர் காத்துல பறக்கும்.

நம்ம அருணகிரிநாதரைப் பாருங்க. திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடிச்சு, பேச்சை விட்டு அமைதியா இருன்னு உபதேசம் செஞ்சதா சொல்வாங்க. அந்த அமைதிக்கு அப்புறம் வந்ததுதான் திருப்புகழ். இன்னைக்கு நமக்குக் கிடைச்சிருக்கிறதே 1,300 பாட்டுக்கு மேல! அவரும் கடைசியில கிளியாத்தான் ஆனார்னு ஐதீகம். எண்ணிக்கையை வச்சு அவரை வாயாடின்னு சொல்லுவோமா?

இப்போ என் கதை. போன வருஷம், நண்பன் நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை, நாலு பேர் சிரிக்கணும்னு குரூப்ல போட்டேன். ஒரே ஒரு வரிதான். அவன் இன்னும் என்கூட பேசல. அந்தக் குட்டிப் பொண்ணு அத்தனை கேள்வி கேட்டும் யாருக்கும் ஒரு காயமும் இல்ல.

அப்போ வாயாடி யார்?

கோயில்ல இருந்து வெளியே வந்ததும் அவனுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன். இன்னும் பதில் வரல. வராமலும் போகலாம்.

இப்பல்லாம் எதையும் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை 'முருகா'ன்னு சொல்லிக்கிறேன். நெல்லா பதரான்னு பாக்க அந்த ஒரு நொடி போதும்.

வேலும் மயிலும் துணை 🦚