பிள்ளை யாருக்கு?

"என் குலவிளக்கு" என்கிறார் தந்தை. "நான் சுமந்து பெற்றது" என்கிறாள் தாய். "சான்று எங்கே?" என்கிறது நீதிமன்றம். பிள்ளை என்ன சொல்கிறது? கேட்பார் எவருமிலர்!

உத்தமபாளையத்தார் வரப்பு வழக்கை நன்கறிவர். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நன்செயை அளக்கலாம், பிரிக்கலாம், கல் நட்டு எல்லை காட்டலாம். நிலத்துக்கு நெஞ்சில்லை, எவர் உழுதாலும் விளையும். பிள்ளையையும் அவ்வாறே பாகம் பிரிக்கப் புகுந்தால், பிளவுபடுவது அதன் நெஞ்சன்றோ! வீடு மாறி வீடு மாறி அலையும் பிள்ளை, வகுப்பில் வாய்மூடி அமர்ந்திருப்பதை ஆசிரியர்கள் நாங்கள் காண்கிறோம்.

பிள்ளையைக் கேளாமலே பிள்ளைக்காக வழக்காடிய கதையைச் சென்னை கண்டதுண்டு. நாராயணய்யா என்பவர் 1910இல், தம் மக்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் பிரம்மஞான சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையாரிடம் ஒப்படைத்தார். கிருஷ்ணமூர்த்தியே வருங்கால உலககுரு என்று முழங்கினர் சபையினர். மனம் மாறிய தந்தை, 1912இல் வழக்குத் தொடுத்தார். 1913இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்கே உரிமை என்றது. மக்களோ அப்போது இங்கிலாந்தில்!

1914இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. காட்டிய காரணங்களுள் ஒன்று: மக்களின் நலன் தனித்து ஆராயப்படவில்லை, அவர்தம் விருப்பம் அறியப்படவில்லை. எவரைப் பற்றி வழக்கோ, அவர்கள் வழக்கில் இல்லை! ஒருபுறம் தந்தையுரிமை; மறுபுறம் தெய்வீகக் கனவு. மூத்தவர் 1895இல் பிறந்தவர். கருத்துரைக்க வயது போதாதவரா? தமக்கென அமைத்த நட்சத்திர சங்கத்தை 1929இல் அவரே கலைத்தார். கேளாமல் விட்ட வாய், தானே திறந்து பேசிற்று!

விவரமறிந்த சிறாரின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம். ஆனால் அதே சட்டம் தந்தையை முன்னும் தாயைப் பின்னும் நிறுத்தியது! தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராகலாம் என உச்சநீதிமன்றம் விளக்க, 1999 வரை காத்திருக்க நேர்ந்தது.

"சொல்லிக் கொடுத்ததைத்தானே பிள்ளை சொல்லும்?" என்பர் சிலர். மெய்தான். ஆகவேதான் இருவரும் இல்லாத இடத்தில், அச்சமின்றி, பொறுமையோடு கேட்கவேண்டும். "அப்பாவா, அம்மாவா, ஒருவரைச் சொல்" என்று நெருக்குவது கேள்வியன்று, கொடுமை! எங்கே அமைதியாக உறங்குகிறாய்? உடன்பிறந்தாரைப் பிரிந்திருப்பாயா? எங்கிருந்தால் படிப்புத் தடைபடாது? இவையே கேள்விகள். விடை பிள்ளையினது, முடிவின் பொறுப்புப் பெரியவர்களது. தீர்ப்பின் பாரத்தைச் சின்னஞ்சிறு தோளில் ஏற்றுதல் தகாது.

தோழர்களே! நாளை உற்றார் வீட்டில் இவ்வழக்கு எழும். நீங்கள் நடுவராய் அமர்வீர்கள். "பிள்ளை யாருக்கு?" என்று கேட்பார்கள். "பிள்ளைக்கு எது நன்று?" என்று திருப்பிக் கேளுங்கள்!