படைவீரனும் கல்லறைத் திருநாளும்

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஆவூர், தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரின் பழைய ஊர்களில் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு பூசே அடிகள் இதை மதுரை மிஷனின் முக்கியமான தளமாக வளர்த்தார். பெரியநாயகி மாதா கோயிலும் உயிர்ப்புக் காலத்துப் பாஸ்காவும் தேரும் ஊரின் பேரை வெளியூர்களுக்குக் கொண்டுபோயின. மற்றக் கத்தோலிக்க ஊர்களைப் போல இங்கும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். புல்லைச் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வைத்துக் காத்திருப்பார்கள். பங்குச்சாமியார் வந்து மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போவார். பணக்காரன் கல்லறை, ஏழையின் மண்மேடு, நல்லவன், ஊரே ஏசிய குடிகாரன் என்று அந்தத் தண்ணீருக்கு வித்தியாசம் கிடையாது. அரசாங்க நாட்காட்டியிலோ படைவீரர்களுக்கென்று வேறு நாட்கள் இருக்கின்றன. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். டிசம்பர் 16, வங்கதேசப் போர் வெற்றி நாள். ஜூலை 26, கார்கில் நாள். மலர் வளையம், அணிவகுப்பு, ஆட்சியர் உண்டியலில் முதல் நோட்டைப் போட வசூல் ஆரம்பம். இந்த இரண்டு வகை நினைவுகூரலில் படைவீரனுக்குப் பொருந்துவது எது? கொலை செய்யாதே என்ற கட்டளையை ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த சமூகம், கொல்வதற்குப் பயிற்சி பெற்ற ஒருவனை எந்த முகத்தோடு கௌரவிப்பது? கல்லறைத் திருநாளின் வழிதான் இதற்குச் சரியான வழி என்று நினைக்கிறேன். அது யாரையும் புகழச் சொல்வதில்லை, கடனைத் தீர்க்கச் சொல்கிறது. அந்தக் கடனில் பெரும்பங்கு செத்தவனுக்கு அல்ல, அவன் வீட்டாருக்குச் சேர வேண்டியது.

இறந்தோருக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கத்துக்குக் கத்தோலிக்கர் காட்டும் வேதாகமச் சான்றே ஒரு போர்க்களத்திலிருந்து வருகிறது என்பது பலருக்கு நினைவில் இருக்காது. மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். சண்டை முடிந்தபின் யூதா மக்கபேயும் அவன் ஆட்களும் தங்கள் பக்கத்துப் பிணங்களை எடுத்து அடக்கம் செய்யப் போகிறார்கள். ஒவ்வொருவன் உடைக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. யூதச் சட்டம் முற்றாக விலக்கியது அது. சொந்த மதத்துக்காகப் போரிட்டுச் செத்தவர்கள், உள்ளுக்குள் அந்த மதத்தையே மீறியிருக்கிறார்கள். யூதா அவர்களை வீரர்கள் என்று கொண்டாடவும் இல்லை, துரோகிகள் என்று கழுகுக்கு விடவும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து 2,000 வெள்ளித் திராக்மாவை எருசலேமுக்கு அனுப்பி, அவர்களுக்காகப் பாவப் பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறான். (புராட்டஸ்தாந்து சபையார் இந்த நூலைத் திருமறையில் சேர்ப்பதில்லை, அது தனிச் சண்டை.) ஆதித் திருச்சபையும் இந்த நடுவழியில்தான் நின்றது. 4ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார் ஓர் ஒழுங்கு சொன்னார்: போரில் கொன்றதை முன்னோர் கொலைக்கணக்கில் சேர்க்கவில்லை, என்றாலும் அப்படிக் கொன்றவர்கள் மூன்று ஆண்டு நற்கருணை வாங்காமலிருப்பது நல்லது என்றார். கை சுத்தமில்லை, ஆனாலும் அவன் கொலைகாரனில்லை. போர்முனையிலிருந்து திரும்பியவன் மனசுக்குள் என்ன சுமக்கிறான் என்பதைக் கொடிநாள் மேடைப் பேச்சைவிட இந்த மூன்று ஆண்டு விலக்கு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. தியாகி, மாவீரன் என்ற பட்டங்களை வாங்கிக்கொண்ட ஒருவன் எந்த வாயால் தன் இரவுத் தூக்கமின்மையைச் சொல்வான்?

இது வெள்ளைக்காரச் சாமியார்கள் கொண்டுவந்த சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில், ஆநிரைப் பூசலோடு தொடர்புடைய ஒரு நடுகல் தமிழ்ப் பிராமி எழுத்தோடு கிடைத்தது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு நிலைகளை அடுக்குகிறது. கொல்லாமைக்கு 33ஆம் அதிகாரத்தைக் கொடுத்த வள்ளுவர், படைச்செருக்குக்கு 78ஆம் அதிகாரத்தையும் கொடுத்தார். இரண்டையும் ஒரே நூலில் வைத்ததில் அவருக்கு நெருடல் இருந்ததாகத் தெரியவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று வீரனோடு அவன் நாயையும் காட்டி, கோவிவன் என்று அந்த நாயின் பேரையும் பொறித்திருக்கிறது. இந்த மரபில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கல் அல்ல. கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் ஒரு நிலம் வரும். ஊருக்காக இரத்தம் சிந்திச் செத்தவன் குடும்பத்துக்கு விட்ட நிலம் அது. கல் நட்டதோடு வேலை முடிந்தது என்று ஊர் எழுந்து போய்விடவில்லை. வரப்புப் போட்டு வயலும் அளந்து கொடுத்தது. இங்கே தொல்காப்பிய இலக்கணத்தோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. நடுகல்லை வெட்சித் திணையில் வைத்த தொல்காப்பியர், கணவனை இழந்தவளின் தாபத நிலையைக் காஞ்சித் திணைக்குத் தள்ளிவிட்டார். வகைப்பாட்டுக்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் வயலை அளந்து கொடுத்த ஊர்ச்சபைக்கு இரண்டும் ஒரே சாவின் இரண்டு பக்கம் என்று தெரிந்திருந்தது.

பேரும் வயலும் சேர்ந்திருந்த இந்த மரபு அப்புறம் அறுந்துபோனது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் திருச்சிக் கோட்டையைச் சுற்றிச் சந்தா சாகிபும் முகமது அலியும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதியபோது, புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் முகமது அலி பக்கம் நின்று ஆளும் தானியமும் அனுப்பினார். ஆவூர் வட்டாரத்துப் பாதைகள் அந்த ஆட்களும் மாடுகளும் நடந்த வழியில்தான் இருக்கின்றன. செத்தவர்களில் தளபதிகளின் பேர் ஏட்டில் இருக்கிறது. மூட்டை சுமந்தவன் பேர் எங்கும் இல்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு வெள்ளை அரசு தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஒரு பளிங்குக் கல்லைப் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 மகாயுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று இரண்டே எண்கள். ஒரு பேர்கூடக் கிடையாது. அந்தப் போரில் இந்தியப் படையில் மாண்டோர் சுமார் 74,000. ஈராக்கின் பாஸ்ராவிலுள்ள நினைவுச் சின்னத்திலும் இந்திய அதிகாரிகளுக்குத்தான் பேர். சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை என்று எண்களாக நின்றார்கள். பதவி, இனம், மதம் பாராமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்று அறிவித்துக்கொண்ட போர்க்கல்லறை ஆணையம், ஆசிய ஆப்பிரிக்க வீரர்களுக்கு அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று 2021இல் தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. தில்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,942 பேர்கள் கருங்கல்லில் தனித்தனியாகப் பொறிக்கப்பட்டன. சுதந்திரம் வந்து 71 ஆண்டு கழித்து என்றாலும், அது நல்ல காரியம்.

ஆனால் பேரைப் பொறித்த கை வயலை அளந்ததா? வீர விருது பெற்ற படைவீரன் இறந்தபின் அவன் மனைவிக்கு அரசு மாதப்படி தருகிறது. அவள் மறுமணம் செய்தால் அந்தப்படி நின்றுவிடும் என்று விதி இருந்தது. பிறகு ஒரு சலுகை வந்தது: செத்தவனின் அண்ணனையோ தம்பியையோ கட்டிக்கொண்டால் படி தொடரும். 2017 நவம்பரில்தான் இந்த நிபந்தனை நீங்கி, அவள் யாரை மணந்தாலும் சாகும்வரை படி உண்டு என்று ஆனது. ஒரு அரசு தன் வீரனின் மனைவியை யாருடைய சொத்தாக எண்ணியிருந்தது என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி வேண்டாம். கணவன் காட்டிய துணிச்சலுக்கான காசு அவன் வமிசத்தைவிட்டு வெளியே போய்விடக் கூடாது என்ற கணக்கு அது. கௌரவத்தைப் புகழ்ச்சியாக மட்டும் புரிந்துகொள்கிற இடத்தில், புகழுக்குப் பங்கம் வராத ஒரு விதவையின் உருவம் தேவைப்படுகிறது. வெள்ளைச் சேலையில் மேடையேறிப் பதக்கம் வாங்குபவள் அவள். கடனாகப் புரிந்துகொண்டால் அவள் என்ன உடுத்தினாள், யாரை மணந்தாள் என்ற கேள்வியே எழாது. கடன் கொடுத்தவரின் நடத்தையைச் சோதித்துவிட்டா நாம் கடனைத் திருப்பித் தருகிறோம்?

சிப்பாயைக் கௌரவித்தால் போரையே கௌரவித்ததாகும் என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் அச்சம் வெறும் அச்சமில்லை. எல்லா அரசுகளும் இறந்தவனை அடுத்த போருக்கு ஆள்சேர்க்கப் பயன்படுத்தியிருக்கின்றன. தமிழர்களுக்கு இது மற்றவர்களைவிட நெருக்கமாகத் தெரியும். 1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் படையில் சுமார் 1,200 பேர் மாண்டிருந்தார்கள். 1987 நவம்பர் 25இல் யாழ்ப்பாணத்தில் விழுந்து பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். முதல்வர் செய்தது அந்தப் போர் நடவடிக்கை மீதான அரசியல் தீர்ப்பு; அப்படித் தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது, அதன் காரணங்களில் நியாயமும் இருந்தது. ஆனால் போரை முடிவுசெய்தவர்கள் தில்லியில் இருந்தார்கள். தீர்ப்பைக் கேட்க நின்றவன் கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய். இதே குழப்பத்தின் மறுமுகம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. நவம்பர் 27 மாவீரர் நாளைப் புலிகள் இயக்கம் தன் தலைவரின் ஆண்டு அரசியல் உரைக்கான நாளாக்கியது. 2009க்குப் பிறகு இலங்கை ராணுவம் மாவீரர் கல்லறைகளான துயிலும் இல்லங்களை இடித்தது. கோப்பாயில் இடித்த இடத்திலேயே முகாமும் கட்டியது. இயக்கம் பிள்ளையை எடுத்துக்கொண்டது, அரசு பிள்ளையின் குழியையும் எடுத்துக்கொண்டது. தன் மகனுக்கு விளக்கேற்ற வந்த தாயிடம் அவன் எந்தக் கொடியின்கீழ் செத்தான் என்று கேட்கிறவன், புகழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். பரமேஸ்வரனுக்காகவும் கோப்பாயில் புதைந்தவனுக்காகவும் ஒரே பூசையில் வேண்டிக்கொள்ள முடியும். அணிவகுப்பில் இருவருக்கும் சேர்த்து இடமில்லை. போரைப் புகழாமல் வீரனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே போதும்.

இன்னொரு மறுப்பு நம் ஊர்த் திண்ணைகளிலேயே கேட்கக் கூடியது. சம்பளம் வாங்கினான், கேன்டீன் சாமான் வாங்கினான், பென்சன் வாங்குகிறான். இதற்கு மேல் என்ன கடன்? சாக்கடைக் குழியில் மூச்சுமுட்டிச் சாகிற துப்புரவுத் தொழிலாளிக்கு எந்த நாள் இருக்கிறது? இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதி முழுக்கச் சரி. குழியில் சாகிறவன் பேரும் நவம்பர் 2இல் வாசிக்கப்பட வேண்டும். அவன் வீட்டுக்கும் உதிரப்பட்டி உண்டு. ஆனால் ஒருவனுக்குத் தராததைக் காட்டி இன்னொருவனுக்கும் தராமல் விடுவது நியாயமாகாது. சம்பளக் கணக்கும் முழுசாக ஒத்துவராது. சம்பளம் உழைப்புக்கு விலை. கொல்லச் சொன்ன உத்தரவை நிறைவேற்றியபின் வருகிற மனச்சாட்சிச் சுமைக்கு எந்தச் சம்பளக் கமிஷனும் விலை வைத்ததில்லை. அந்தச் சுமையை நம் சார்பில்தான் அவன் தூக்கினான். அவனை அனுப்பிய அரசுக்கு ஓட்டுப் போட்டவர்கள் நாம். பசிலியார் சொன்ன மூன்று ஆண்டு விலக்கில், நியாயமாகப் பார்த்தால், நமக்கும் சில மாதங்கள் சேர வேண்டும்.

ஜெபம் செலவில்லாத காரியம், அதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது மிச்சமிருக்கிற மறுப்பு. யூதா மக்கபே ஜெபத்தோடு நிறுத்தவில்லை, வசூலித்தான் என்பதைத்தான் இதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டும். ஆவூர் போன்ற பங்குகளில் வசூலைவிட மதிப்பான ஒன்று கையிலேயே இருக்கிறது: ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும். படைவீரர் குடும்பங்கள் அலைவது பெரும்பாலும் பேரால்தான். கோயிலில் வைத்த பேர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பேர் ஒன்று, சேர்ந்த அன்றைக்குப் படைக் குமாஸ்தா டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதிவைத்தது இன்னொன்று. மனைவியின் பேரோ பிறந்த தேதியோ படையின் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏறாமலோ பிழையாகவோ இருந்தால், குடும்ப ஓய்வூதியம் அங்கேயே நின்றுவிடும். கணவன் பேரை இங்கிலீஷில் எழுதத் தெரியாத ஒரு பாட்டி, கணினியில் படை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் தளத்தைத் திறந்து இதைச் சரிசெய்ய மாட்டாள். ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டிய மாதமும் பொதுவாக நவம்பரே. கல்லறைத் திருநாளுக்கு ஊர் திரும்புகிற படித்த பிள்ளைகளில் இரண்டு பேர் ஒரு மடிக்கணினியோடு பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்தாலே பாதி வேலை முடியும். மீதிக்குப் புதுக்கோட்டையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பதிவேட்டு நகலோடு அங்கே கூட்டிப்போக ஆள் வேண்டும். ஆவூரிலும் சுற்றுப் பங்குகளிலும் உள்ள பேரவையினரிடம் கேட்பது இதுதான்: அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பூசை அறிவிப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். போரில் செத்தவர்கள் பேரோடு, ஊருக்குத் திரும்பி நோயிலும் குடியிலும் கயிற்றிலும் போனவர்களின் பேரையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். நவம்பர் 30க்குள் அந்த வீடுகளின் காகிதங்களைப் பார்த்து முடித்துவிடலாம்.