உச்சி வெயிலில் முடிவெடுக்காதே!

சுமத்ராவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, பகல் ஒரு மணிக்கு, சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறாயா? இந்தப் பக்கம் பனை, அந்தப் பக்கம் பனை, முன்னால் பழக்குலை ஏற்றிப் போன லாரியின் புகை. தீவின் வடகோடி ஆச்சேயிலிருந்து தென்கோடி வரை சுமார் 2,500 கிலோமீட்டர் மிதித்தே போவது என்று வீட்டில் வரைபடத்தை விரித்தபோது துள்ளிய மனசு, இப்போது விட்டுப் போய்விட்டது. 'எதற்கு இதெல்லாம்? அடுத்த ஊரில் பஸ் ஏறிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்?'

உனக்காகத்தான் எழுதுகிறேன். எழுந்து மிதி என்று இப்போது சொல்லமாட்டேன். உட்கார். நன்றாக நிழல் பார்த்து உட்கார். ஆனால் முடிவு மட்டும் எடுக்காதே!

இந்த வேளையில் உனக்குள் பேசுவது வெயில். பூமத்திய ரேகையை ஒட்டிய நிலத்தில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆவியாகிற வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் பயனில்லை. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்த்துக் கொட்டியும் உன் சூடு தணியாததற்குக் காரணம் அதுதான். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு ஓடவேண்டும். பெடலை மிதிக்கத் தொடைக்கும் ஓடவேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுக்க இதயம் கிடந்து அடித்துக்கொள்கிறது. குளிர்ந்த நாட்டில் விளையாட்டாக ஓட்டிய அதே வேகம் இங்கே மலையேற்றமாகிறது. 'போதும், நிறுத்து' என்று மூளை கூவுகிறது. அந்தக் கூவலை உன் குணத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ கோழை இல்லை. சூடேறிய ஒரு மனித உடம்பு, அவ்வளவுதான்!

சான்று வேண்டுமா? சுமத்ராவில் வழிநெடுகக் குழந்தைகள் ஓடிவந்து 'ஹலோ மிஸ்டர்!' என்று கத்துவார்கள். ஓட்டுபவர் பெண்ணாக இருந்தாலும் 'மிஸ்டர்'தான். காலை ஏழு மணிக்கு அந்தக் குரல் தேனாக இருந்தது, கையசைத்தாய். பிற்பகலில் அதே குரல் முள்ளாகக் குத்துகிறது, பல்லைக் கடிக்கிறாய். குழந்தை மாறவில்லை. சாலையும் மாறவில்லை. உன் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது, உடம்பின் உப்பு வியர்வையோடு வெளியேறியிருக்கிறது. உடம்பு சேர்த்துவைத்த மாவுச்சத்து சில மணி நேர மிதிப்பிலேயே கரைந்துவிடும். அது கரைந்ததும் முதலில் இருண்டுபோவது மனசுதான். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்: ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைவலியும் குமட்டலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வாருங் என்று அங்கே சொல்கிற சாலையோரக் கடைக்குள் போ. சோறு சாப்பிடு, குழம்பை உப்போடு அள்ளிச் சாப்பிடு. இனிப்புத் தேநீர் குடி. அரை மணி கண்ணை மூடு. அதற்குப் பிறகும் இந்தப் பயணம் வீண் என்று தோன்றுகிறதா, பார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தலை சுற்றினாலோ, பேச்சுக் குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பினாலோ, அங்கே வீரத்துக்கு வேலையில்லை. உடனே நிழல், உடம்பெங்கும் தண்ணீர், உதவிக்கு ஆள், மருத்துவமனை. வெப்பத்தாக்கு உயிரைக் குடிக்கும். நின்றுவிடுவது வேறு, விட்டுவிடுவது வேறு.

பம்பாய் இளைஞர்களை நினைத்துப் பார். 1923 அக்டோபரில் ஆறு பார்சி வாலிபர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். பாரசீகம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா கடந்து, இந்தோசீனா, சயாம், பர்மா வழியாக 1928 மார்ச்சில் ஊர் திரும்பியவர்கள் மூவர்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா. மொத்தம் சுமார் 71,000 கிலோமீட்டர். மலைக்கிறாய் அல்லவா? கணக்குப் போட்டுப் பார். நாலு வருஷம் ஐந்து மாதத்துக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 44 கிலோமீட்டர்! நீ தினமும் நூறு கிலோமீட்டர் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு, எழுபதில் ஓய்ந்துபோய், உன்னையே திட்டிக்கொள்கிறாய். உலகத்தைச் சுற்றியவர்களின் சராசரியே அந்த நூறில் பாதிகூட இல்லை. அவர்களும் தங்கினார்கள், காத்திருந்தார்கள், மறுபடி கிளம்பினார்கள். அந்த 'மறுபடி'யில்தான் மொத்தச் சாதனையும் இருக்கிறது. நூறு என்ற அந்த எண்ணைத் தூக்கி எறி! யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய், அதை அடைக்க?

நீ போகிற அதே தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவினர் வெட்டிவைத்தது. பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்தவர்கள் அவர்கள். காற்று திரும்பும்வரை அந்நியத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் இருப்பது அந்தக் காலத்துக் கடலோடிகளின் தொழிலிலேயே அடங்கியது. அதைத் தோல்வி என்று யார் சொல்வார்? உனக்கு வேண்டியது மாதங்கள்கூட இல்லை. புழுக்கத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் போதும்: வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும். அந்த இரண்டு வாரத்தைத் தாண்டுவதற்குள் ஓடிவிட்டால், பாடுபட்டது நீ, பலன் யாருக்கும் இல்லை!

இன்றைக்கு மணி நான்கைத் தாண்டட்டும். பத்துக் கிலோமீட்டர் போ, போதும். முன்னேரத்தில் தூங்கு. விடியுமுன் எழுந்து செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றைப் பார்த்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. இப்படி அடுத்தடுத்து மூன்று விடியல்கள், நன்றாகத் தூங்கியெழுந்த குளிர்ந்த மூன்று விடியல்கள், உன் மனசு 'வேண்டாம்' என்றே சொன்னால், ஊருக்குத் திரும்பு; தலைநிமிர்ந்து திரும்பு. அது நீ எடுத்த முடிவு. அதுவரைக்கும் சைக்கிள் தெற்கு நோக்கியே நிற்கட்டும். போன்ஜோல் ஊரில் சாலையே பூமத்திய ரேகையைக் கடக்கிறது. சொந்தக் காலால் மிதித்து, பூமியின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குள் போகப் போகிறாய். சாப்பிட்டாயிற்றா? பாட்டிலை நிரப்பு!