கருவியின் நேர்த்தியும் குழவியின் ஒப்புதலும்

ஆண்மகவின் நுனித்தோலை நீக்கும் சடங்கினைத் தமிழ் முஸ்லிம்கள் சுன்னத்து, கத்னா, மார்க்கக் கல்யாணம் என்னும் பெயர்களால் வழங்குவர். விவிலியத் தமிழ் இதனை விருத்தசேதனம் என்னும். இவற்றுள் 'கல்யாணம்' என்னும் சொல் ஈண்டுக் கருதத்தக்கது. பெரும்பாலும் ஐந்து வயதைக் கடந்த சிறுவனுக்குப் புத்தாடை உடுத்தி, மாலை சூட்டி, குதிரைமீது ஊர்வலமாக அழைத்துவந்து, உறவினர் சூழ நாவிதர் கையால் நிகழ்த்தப்பெற்ற விழா அது. சிறுவன் அஞ்சினான், வலியும் உற்றான். எனினும் தனக்கு நிகழ்வது யாதென ஓரளவேனும் அறிந்திருந்தான்.

தில்லியின் தென்மேற்கே வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டு அமைத்த துணைநகரம் துவாரகா. பிழைப்பின் பொருட்டு இத்தகைய நகரில் குடியேறிய குடும்பத்திற்கு உறவினரும் அருகில் இல்லை, பழகிய நாவிதரும் இல்லை. மருத்துவமனையே உண்டு. அங்குச் சடங்கு அறுவையாகிறது. அதனைச் செய்யும் வயதும் கீழிறங்குகிறது. கருவிகளின் இயல்பே இதற்கு ஒரு காரணம் எனலாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2010-இல் வெளியிட்ட கையேடு பச்சிளங்குழவிகளுக்குரிய மூன்று கருவிமுறைகளை விளக்குகிறது. 1935-இல் அறிமுகமான கோம்கோ கவ்வியில், மணி வடிவ உலோகம் ஒன்று உறுப்பின் முனையைக் காக்க, அதன்மேல் இழுக்கப்பட்ட தோலைத் தட்டு இறுக்கி நசுக்கிக் குருதிப்பெருக்கைத் தடுக்கிறது. பின்னரே கத்தி படும். யூத மரபிலிருந்து தோன்றிய மோகன் கவ்வி விரைவானது. ஆனால் அதன் குறுகிய இடுக்கின் கீழ் முனை மறைந்திருப்பதால் அதற்குத் தனிக் காப்பில்லை. பிளாஸ்டிபெல் முறையில், நெகிழி வளையத்தின்மேல் நூல் இறுகக் கட்டப்பெறுகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் எஞ்சிய தோலும் வளையமும் தாமே உதிர்கின்றன. கோம்கோ, மோகன் கவ்விகளால் நேர்ந்த காயங்கள் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2000-இல் எச்சரித்தது. வெவ்வேறு தொகுதிகளின் உறுப்புகளை மாற்றிப் பொருத்துவதும் தேய்ந்த கருவியைப் பயன்படுத்துவதும் அதில் சுட்டப்பெற்றன.

வலியைப் பற்றிய அறிவும் வளர்ந்தது. பச்சிளங்குழவி வலியை முழுமையாக உணராது என்னும் கருத்து மருத்துவரிடையே நெடுங்காலம் நிலவியது. இந்தூரில் மருத்துவம் பயின்ற கே. ஜே. எஸ். ஆனந்த், ஹிக்கியுடன் இணைந்து 1987-இல் வெளியிட்ட கட்டுரை அக்கருத்தை அசைத்தது. இன்று மரத்துப்போகச் செய்யும் ஊசியின்றி இவ்வறுவையைச் செய்தல் நெறியன்று.

ஆயின் வலி குறைந்ததனால் அறவினா தீர்ந்துவிடவில்லை. 2012-இல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் இச்செயல் உடற்காயமாகும் என்றது. அவ்வாண்டு இறுதியில் இயற்றப்பெற்ற சட்டமோ, மருத்துவ நெறிப்படி செய்யப்படின் பெற்றோர் ஒப்புதல் போதும் என்றது. 'எவ்வாறு' என்பதற்குரிய விடை 'யார் முடிவு செய்வது' என்பதற்கும் விடையாக வைக்கப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் 2023-இல், தான் சட்டமியற்றும் அவையன்று எனக் கூறி, இது குறித்த பொதுநல மனுவைத் தள்ளியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவு, 12 வயதிற்குட்பட்டோரின் நன்மைக்காகக் காப்பாளர் ஒப்புதலுடன் நன்னம்பிக்கையில் செய்வது குற்றமாகாது என்கிறது. அவ்விடத்து 'நன்மை' என்பது யாது? சிறுநீர்த் தொற்று குறைதல் குழவிப் பருவத்திற்கே உரிய பயன். எச்.ஐ.வி. தொற்றுக்கு எதிரான காப்போ, மகன் வளர்ந்து தானே முடிவெடுக்கத்தக்க வயதில்தான் பொருந்துவது. சமயக் குழுவில் ஓர் உறுப்பினனாதலை நன்மையெனப் பெற்றோர் கருதுவதை எளிதில் புறந்தள்ளலும் ஆகாது. தாய்மாமன் மடியிலிருத்திக் காதுகுத்தும் வீட்டார்க்கும் இவ்வினா அயலன்று. காதின் துளை தூர்ந்துபோகலாம் என்னும் வேறுபாடு மட்டும் உண்டு.

பழைய வழக்கில் வலி மிகுதி. ஆனால் சிறுவன் உடனிருந்தான். புதிய வழக்கில் வலி குறைவு, அவன் அறியான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஆய்வில் பங்குபெறும் ஏழு வயதுக் குழந்தையிடமும் வாய்மொழி இசைவு கேட்கவேண்டும் என்கின்றன. அவ்வயதுவரை காத்திருப்பின் கருவி எளிமை இழக்கும். முழு மயக்கமும் தையலும் தேவைப்படலாம். துவாரகாவின் பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுகையில் எடைபோட வேண்டியது இவ்விரண்டையுமே.